பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான் செய்த ஒரு தவற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அப்பொழுது நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இரண்டு பெண்குதிரைகளை வளர்த்துவந்தார். மனைவி மறைந்தபின் அவருக்குத் துணையாயிருந்தவை அவை மட்டுமே. ஒன்றுக்குக் காலில் வீக்கம் கண்டது. தொலைவிலிருந்த கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. தனியே ஏற்றினால் அது மிரளும் என்பதால் மற்றதையும் உடன் ஏற்றினார்.

ஏற்றிக்கொண்டே அவர் என்னிடம், "டிரெய்லர் டயர்களைச் சற்றுப் பாரும், போதகரே" என்றார். நான் சுற்றிவந்து நான்கையும் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். புதிய டயரில் இருப்பதுபோல் பள்ளங்கள் ஆழமாயிருந்தன. "பார்த்துவிட்டேன், எல்லாம் நன்றாயிருக்கின்றன" என்றேன்.

ஏறக்குறைய 40 மைல் சென்றிருப்போம். எங்களைக் கடந்துசென்ற வண்டியிலிருந்து ஒருவர் கையை அசைத்துப் பின்னால் சுட்டிக்காட்டினார். இரண்டு அச்சுகள் உள்ள டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தாலும் அடுத்தது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். முன்னே வண்டியோட்டுகிறவருக்கு அது உடனே தெரியாமலும் போகலாம். இறங்கிப் பார்த்தோம். வலப்புறப் பின்சக்கரத்தின் டயர் கிழிந்து தொங்கியது. அதன் துண்டுகள் அடித்து மட்கார்டும் பிய்ந்திருந்தது. ஸ்டெப்னியை எடுத்தோம். அதில் காற்றில்லை. அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

உதவி வண்டி வர இரண்டு மணி நேரமாயிற்று. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையோரத்தில் குதிரைகளை இறக்கவும் முடியாது. ஒன்று மிரண்டு ஓடினால் அதன் உயிரும் போகும், சாலையில் வருவோரின் உயிரும் போகும். ஆகவே வெயிலில் கொதித்த அந்த வண்டிக்குள்ளேயே அவை நின்றன. நோயுற்றது கால் மாற்றி மாற்றி நின்று நடுங்கியது. பெரியவர் ஜன்னல்வழியே கைநீட்டி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குத் தாங்கமுடியாததாயிருந்தது.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியபின், அவர் கிழிந்த டயரருகே முழங்காற்படியிட்டுப் பக்கச்சுவரில் படிந்திருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். "வாசியும்" என்றார். டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் 2211 என்றிருந்தது. 2011-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். எட்டு வயதான டயர்! "ஆண்டில் சில நாட்களே ஓடுவதால் பள்ளம் தேயவில்லை. மற்ற நாளெல்லாம் வெயிலில் நின்றே இது கிழடாகிவிட்டது. நானும் கவனித்திருக்க வேண்டும்" என்றார். மற்ற டயர்களின் பக்கச்சுவரிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. குனிந்திருந்தால் கண்டிருப்பேன்.

மெதுவாய் ஓட்டி மாலையில் மருத்துவமனையை அடைந்தோம். குதிரை குணமடைந்தது. ஸ்டெப்னியோடு ஐந்து டயர்களையும் மாற்றியபின், பார்ப்பது எப்படியென்று பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். டயர் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலேயே காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். ஓடிச் சூடானபின் அளவு கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓடும்போது வளைந்து வளைந்து சூடேறும். அந்தச் சூடே அதைக் கிழித்துவிடும். உள்பக்கச் சுவரையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சில டயர்களில் முழுக் குறியீடு அங்கே மட்டுமே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 50 மைல் ஓடியபின் நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். வழியில் நிற்கும்போது சக்கரத்தின் நடுப்பகுதியருகே கையைக் கொண்டுபோக வேண்டும். ஒன்றுமட்டும் மிகுதியாய்ச் சுட்டால் பேரிங் பழுதாயிருக்கலாம்.

மிருகத்தின் உயிரைக் குறித்த அக்கறையை நீதிமானின் குணமாகவே நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரம் காட்டுகிறது. அதைக்குறித்து நான் பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த வாயில்லா ஜீவன், நம்பி ஏறியது என் பிரசங்கத்தின்மேல் அல்ல. நான் குனிந்து பாராத டயரின்மேல்.

வியாதியஸ்தரைப் பார்த்தீரா, கணக்கைப் பார்த்தீரா என்று எவரேனும் என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்த நெடுஞ்சாலையோரம் நினைவுக்கு வருகிறது. அன்பானவர்களே, இந்த வாரம் நீங்களும் யாருக்காவது "பார்த்துவிட்டேன்" என்று சொல்லியிருப்பீர்களானால், இன்னொருமுறை போய்ப் பாருங்கள்.