கல்லில் படிந்த ஆடை

மரத்தை வரைவது எளிது. கிளை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மரம் மரமாகவே நிற்கும். மலையும் அவ்வாறே. மனித உருவத்தை வரையப் புகுந்தவனுக்கோ அந்தச் சலுகை கிடையாது. கை ஒரு விரற்கடை நீண்டுவிட்டால், ஓவியமே அறியாதவரும் பிழையைக் கண்டு நகைப்பர். பிறந்த நாள் முதல் நாம் ஓயாது பார்த்துவருவது மனிதரை அன்றோ! அவ்வுருவத்துக்கு ஆடையும் உடுத்தி வரைவதென்றால் சங்கடம் இரட்டிப்பாகும்.

மேனாட்டுச் சித்திரக் கலாசாலைகளில் ஆள் ஒருவரை முன்னே நிறுத்தி வரையப் பழக்குவர். நமது ஊர்ப் பாடசாலைகளில் அதற்கு வசதி குறைவு, வழக்கமும் அரிது. ஆதலால் நம் பிள்ளைகளிற் பலர் பனையையும் தோணியையும் வாவிக் கரையையும் நேர்த்தியாகக் கீறிவிட்டு, மனிதர் வேண்டிய இடத்தில் தொலைவில் இரண்டு புள்ளிகளை வைத்துத் தப்பிவிடுகின்றனர்.

எம் தமக்கையின் மகளும் அவ்வாறு தப்பிவந்தவளே. பரீட்சை நெருங்கவே, சித்திர பாடத்தைக் கைவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். “வராத பாடத்தில் ஏன் நேரத்தைப் போக்குவது?” என்று அத்தானும் சொல்லிவிட்டார். அவளுடைய கொப்பியைப் புரட்டினோம். சேலையின் கரையும் பூவேலையும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் சேலைக்குள்ளே ஆள் இல்லை. கொடியிற் காயும் புடவைக்குத் தலையொன்று முளைத்ததுபோல் இருந்தது. “இரண்டு நாள் எம்முடன் வா, அசையாத, கூலி கேட்காத ஆசிரியர் சிலரைக் காட்டுகிறோம்” என்று அழைத்துச் சென்றோம்.

மட்டக்களப்பிலிருந்து புகையிரதம் ஏறினால் வாழைச்சேனை, புணானை, வெலிகந்தை எனக் காடும் வயலும் மாறி மாறி வரும். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, கதுறுவெலையில் உள்ள பொலன்னறுவை நிலையத்தில் இறங்க வேண்டும். வண்டியிலேயே பாடம் தொடங்கிவிட்டது. எதிர் ஆசனத்தில் மூதாட்டி ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். சேலை எங்கெங்கே உடலைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்கும்படி மருமகளிடம் கூறினோம். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என அவள் எண்ணினாள். துணியின் இரகசியமும் அதுவே. தொடும் இடத்தில் துணி உடலின் வடிவத்தைப் பெறுகிறது. தொடாத இடத்தில் தன் பாரத்தால் தொங்குகிறது. இரு பிடிகளுக்கு இடையே இழுபட்டு விறைக்கிறது. மடங்கும் மூட்டில் நெருங்கிச் சுருங்குகிறது. கஞ்சியிட்ட பருத்திச் சேலை மூலை மூலையாக முறியும். பட்டு வளைந்து வழியும். கொசுவத்தின் கோடுகள் விசிறிபோல் விரிவது, அவையனைத்தும் இடுப்பிலுள்ள ஒரே பிடியிலிருந்து புறப்படுவதனாலேயே.

பொலன்னறுவையில் நாம் முதலிற் சென்றது கல் விகாரைக்கு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்துப் படைப்பு இது. ஒரே கற்பாறையின் முகத்தில் நான்கு திருவுருவங்கள்: வீற்றிருக்கும் பெரிய உருவம் ஏறக்குறைய 15 அடி, நிற்கும் உருவம் ஏறக்குறைய 23 அடி, சயனித்த உருவம் 46 அடி, குடைவறையொன்றினுள் அமர்ந்த சிறிய உருவமும் உண்டு. இது வழிபாட்டுத் தலம். செருப்பையும் தொப்பியையும் களைந்தே அணுக வேண்டும். திருவுருவத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது தகாது.

மர நிழலில் அமர்ந்து தாளை விரித்தாள் மருமகள். வழக்கம்போல் ஆடையின் கோடுகளையே முதலிற் கீறத் தொடங்கினாள். தடுத்து, நிற்கும் உருவத்தின் வெறுந்தோளைக் காட்டினோம். சீவரம் இடத்தோளை மூடி வலத்தோளைத் திறந்து விட்டிருக்கிறது. திறந்த தோளிலிருந்து தொடங்கினால், மூடிய தோள் எங்கே இருக்கிறது என்பது தானே விளங்கும். மார்பின்மேல் குறுக்காக மடிந்த கைகளும், இடையும், தொடைகளும் சீவரத்தின் கீழே தெளிவாகத் தெரிகின்றன. சிற்பி முதலில் உடலைக் கண்டான். அதன்மேல் நனைந்த துணிபோல் ஆடையைப் படியவைத்தான். மடிப்புகளோ இணைந்தோடும் இரட்டைக் கோடுகளே. நிழலின் உதவியின்றி, கோட்டின் வளைவு ஒன்றினாலேயே கல் திரண்டு நிற்கிறது. உடல் புடைக்கும் இடத்தில் கோடு ஏறுகிறது. ஒடுங்கும் இடத்தில் இறங்குகிறது.

சயனித்த உருவத்தின் அருகே நெடுநேரம் நின்றோம். தலையின் பாரத்தால் தலையணை சற்றே அமிழ்ந்திருக்கிறது. கல்லை மெத்தென்று காட்டிய கை எத்தகைய கை! பாதங்கள் நேருக்கு நேர் பொருந்தவில்லை. மேலுள்ள இடப்பாதம் சிறிது பின்வாங்கியிருக்கிறது. இது உறக்கமன்று, பரிநிர்வாணம் என்பதற்கு அதுவே அடையாளம் என்பர். ஓரிரு அங்குல வேறுபாட்டில் உயிருக்கும் முடிவுக்கும் இடையேயுள்ள எல்லையைச் சிற்பி சொல்லிவிட்டான். மருமகள் அந்தப் பாதங்களை மூன்று முறை வரைந்து, மூன்று முறையும் அழித்தாள். நான்காம் முறை அழிறப்பரைத் தொடவில்லை.

அளவு பற்றியும் ஒரு சொல். வளர்ந்த மனிதரின் உயரம் அவருடைய தலையைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு என்று சித்திர ஆசிரியர் கற்பிப்பர். நமது சிற்ப நூல்களோ முகத்தின் நீளத்தைத் தாலம் என்று பெயரிட்டு அளவாகக் கொண்டன. ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலின் அங்குலமன்று, உருவத்திலிருந்தே பிறக்கும் பகுப்பு. தெய்வ வடிவங்களுக்கு ஒன்பது தாலம், பத்துத் தாலம் எனக் கணக்கு ஏறும். ஆதலால் விக்கிரகத்தைப் பார்த்து வரையும் மாணவர், அதே அளவைச் சந்தையில் நிற்கும் மனிதருக்கு வைத்துவிடலாகாது.

பொலன்னறுவையின் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த வெண்கலங்கள் பல இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளன. அவற்றுட் காரைக்கால் அம்மையாரின் உருவத்தை, வரையப் பழகும் ஒவ்வொருவரும் காண வேண்டும். சதை வற்றி, விலாவும் கழுத்தெலும்பும் வெளிப்பட்ட அவ்வடிவம், உடலுக்குள்ளே தாங்கி நிற்பது எதுவென்று காட்டுகிறது. ஆடைக்குள் உடல், உடலுக்குள் எலும்பு, எலும்புக்கும் உள்ளே பக்தி என்று அடுக்கிக் கூறினாலும் மிகையன்று.

மறுநாள் சீகிரியா சென்றோம். காசியப்பன் (477–495) காலத்துப் பாறை அரண் இது. சுழற்படியில் ஏறினால், குன்றின் குடைவில் சுண்ணப் பூச்சின்மேல் தீட்டிய மங்கையரைக் காணலாம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமே பெரும்பாலும் நிறங்கள். அவர்கள் அப்சரசுகள் என்றார் ஆனந்த குமாரசுவாமி. முகிலும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவை என்றார் பரணவிதான. யாராயினும் ஆகுக, இடைக்குக் கீழே மேகம் மறைத்துவிடுகிறது. மெல்லிய மேலாடை அணிந்தவரைப் பாருங்கள். துணியை ஓவியன் தீட்டவேயில்லை. கழுத்திலும் கையிலும் அதன் ஓரத்தை மட்டும் கோடாக இட்டான். அந்த ஓரத்தைக் கண்ட நம் மனம் துணியைத் தானே நெய்துகொள்கிறது.

ஓரிடத்தில் மருமகள் எம் கையைப் பற்றினாள். “மாமா, இந்தப் பெண்ணுக்குக் கை ஒன்று கூடுதலாக இருக்கிறதே!” என்றாள். உண்மைதான். ஓவியன் கையை முதலில் ஓரிடத்தில் வரைந்து, மனம் நிறையாமல் வேறிடத்தில் மாற்றி வரைந்திருக்கிறான். பழைய கோடு மறையாமல் நிற்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய திருத்தம் அது. அதைக் கண்டபின் அவள் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. இத்துணைப் பெரிய கலைஞனும் ஒரு கையை இருமுறை வரைய நேர்ந்ததே என்ற ஆறுதலாக இருக்கலாம்.

அங்கே படம் பிடிக்க அனுமதி இல்லை. பின்னால் வருவோர் கூட்டம் நிற்கவும் விடாது. கண்ணால் பற்றிக்கொண்டு, கீழே இறங்கி, நினைவிலிருந்து வரைவதே வழி. அதுவும் நல்ல பயிற்சியே. பார்த்துப் பிரதி செய்யும் தொழிலை இழிவாக எண்ண வேண்டாம். 1896, 1897 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆய்வாளர் எச். சி. பி. பெல் அவர்களின் கீழ்ப் பணிபுரிந்த டி. ஏ. எல். பெரேரா என்பவர் இவ்வோவியங்களைப் பிரதி செய்தார். 1967 அக்டோபரில் தீயோர் சிலர் இவற்றின்மேல் வண்ணம் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சி உழைத்துப் பெரும்பகுதியை மீட்டார். மீளாமற் போனவை எப்படி இருந்தன என்று அறிய, முன்னாளில் ஒருவர் பொறுமையோடு பார்த்து வரைந்துவைத்ததும் வேண்டியிருக்கிறது அல்லவா?

ஊர் திரும்பிய வாரத்தில் மருமகள் தன் அப்பாவை வரைந்தாள். சாரத்தின் கட்டங்கள் முழங்காலில் வளைந்து ஏறி, மடியில் இறங்கின. அத்தான் நெடுநேரம் பார்த்தார். “என் கூனையும் விடாமல் கீறிவிட்டாளே!” என்றார். ஆனால் சித்திர பாடத்தை விடும்படி பின்னர் சொல்லவில்லை. பரீட்சையின் பெறுபேறு எவ்வாறாகுமோ, அது வேறு.

சித்திரம் பழகும் பிள்ளை உள்ள பெற்றோர், விடுமுறையில் ஒரு நாளைப் பொலன்னறுவைக்கு ஒதுக்கலாம். மென்மையான பென்சில் இரண்டு, தாள் அட்டை ஒன்று, குடிக்க நீர் ஆகியவை போதும். காலை வெயிலில் கோடுகளின் நிழல் சாய்வாக விழும். அப்பொழுதே மடிப்பு நன்கு விளங்கும். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் கவலைப்பட வேண்டாம். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் தோளிலிருந்து துணி தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடையைப் பார்க்கும்போது ஆளையும் பார்க்கக் கற்றுக்கொண்டால், பென்சில் தானே வழியறியும்.