கப்பலிலிருந்து இறங்கிய பிறகு ஒரு பகல்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். "உன் தப்பையும் சேர்த்து எழுதுறதா இருந்தா எழுது" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன்.

2023ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட ஆரம்பித்தார்கள் அல்லவா, அதில் அந்த ஆடி மாதம் நானும் அக்காவும் போய்வந்தோம். அக்கா டொரண்டோவில் இருக்கிறாள், 71 வயது. எனக்கு 64. டிக்கெட் எடுத்தது அக்கா மகள். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல அஞ்சு ராத்திரி இருங்க, அப்புறம் பேசுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். ஆறு வருடமாக நாங்கள் சரியாகப் பேசவில்லை.

காரணம் திருமுடிவாக்கத்து மனை. அப்பா எழுபதுகளில் வாங்கிய ஒரு கிரவுண்ட். அப்போது அங்கே வயலும் ஏரியும்தான். "பாம்புக்கு வீடு கட்டப் போறீங்களா" என்று அம்மா கேட்டதாகச் சொல்வார்கள். பிறகு சிட்கோ வந்தது, வெளிவட்டச் சாலை வந்தது, விலை எங்கேயோ போனது. உயில் எழுதாமலே அப்பா போய்ச் சேர்ந்தார். அதில் வீடு கட்டியது நான். 2017ல் நான் ஓய்வு பெற்றபோது மகன் மாடி எடுக்க பேங்க் லோன் கேட்டான். அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றார்கள். நான் ஒரு வக்கீலிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி, கூரியரில் டொரண்டோவுக்கு அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன்: "பேப்பர் வரும், சைன் பண்ணி அனுப்பு." அவ்வளவுதான். பேப்பர் வரவில்லை. அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்பாந்தோட்டை பார்த்தோம், திருகோணமலை பார்த்தோம். கோணேசர் கோயில் பாறை மேலிருந்து கடலைப் பார்த்தபோது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், கால் நடுக்கத்தில்தான். ஐந்து நாளும் மருமகள், மூட்டுவலி, அம்மா வைக்கும் வற்றல் குழம்பு என்று எல்லாம் பேசினோம். மனையைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் காலை சென்னையில் இறங்கினோம். அக்காவுக்கு அன்று நள்ளிரவுக்கு மேல் விமானம். மகன் காரோடு வந்திருந்தான். நேரே வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, தூங்கி, ஏர்போர்ட் போவது என்று திட்டம். துறைமுக வாசலில் நின்றவள் திடீரென்று, "பெட்டியை நீ எடுத்துட்டுப் போடா. நாங்க சாயங்காலம் ரயில்ல வர்றோம்" என்றாள். மகன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நாப்பது வருஷமா வர்றேன். ஏர்போர்ட், உன் வீடு, ஏர்போர்ட். மெட்ராஸை நான் எப்போ பார்த்தேன்?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் என் கதை இன்னும் மோசம். நான் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவள். பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன், 1639 என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்! செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. சங்கப் போராட்டத்துக்காக அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன், வாசல் வரைக்கும்கூட விடவில்லை.

ஆட்டோ பிடிப்பதற்கு முன் அக்கா துறைமுகத்துப் பக்கம் திரும்பி நின்றாள். எங்கள் சித்தப்பா பினாங்குக்கு வேலைக்குப் போனது இங்கிருந்துதான், எஸ்.எஸ். ரஜுலா கப்பலில். எனக்கு அப்போது ஏழு வயது. கூட்டமும், யாரோ ஒரு அம்மாள் ஓவென்று அழுததும்தான் நினைவு. அக்காவுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. அப்பா கையில் கட்டுச்சாதம் வைத்திருந்தது, அதைக் கொடுக்க மறந்து திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தது, ராத்திரி யாரும் அதைத் தொடாதது. ரஜுலா 1926ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நின்றுபோனது. அந்தக் கப்பல்களில் போனவர்கள் பிழைக்கப் போனவர்கள். நாங்கள் ஐந்து வேளை சாப்பிட்டுவிட்டு, மேல்தளத்தில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்து இறங்கியிருந்தோம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோட்டையில் பையைச் சோதித்து, ஆதார் பார்த்து உள்ளே விட்டார்கள். அன்று சனிக்கிழமை, தலைமைச் செயலகம் விடுமுறை, வெறிச்சோடிக் கிடந்தது. போக நினைப்பவர்கள் சனிக்கிழமை போங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் கிடையாது.

முதலில் புனித மேரி தேவாலயம். 1678ல் ஆரம்பித்து 1680ல் முடித்த கட்டடம். குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைவாக, அடிக்கணக்கில் தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் காணாமல் போய்விடுகிறது. ராபர்ட் கிளைவுக்கு 1753ல் கல்யாணம் நடந்தது இங்கேதான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த எலிஹு யேல் கல்யாணமும் இங்கேதான், 1680ல். "கல்யாண மண்டபம்தான் போல" என்றாள் அக்கா.

வெளியே வந்தால் சுற்றிலும் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். லத்தீன், போர்ச்சுகீசியம் என்று பல மொழி எழுத்து. அக்கா மிதிக்க மாட்டேன் என்று ஓரமாகவே நடந்தாள். உண்மையில் அந்தக் கல்லுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு இப்போது சட்டக் கல்லூரி இருந்த பக்கத்தில் இருந்தது. 1758-59ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டார்கள். அதனால் பிறகு சமாதிகளை இடித்து, பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்துவிட்டார்கள். இதை நான் சொன்ன பிறகும் அக்கா ஓரமாகத்தான் நடந்தாள். "இல்லாட்டி என்ன, பேர் இருக்குல்ல."

அருங்காட்சியகக் கட்டடம் 1795ல் முடிந்தது. வியாபாரிகள் கூடுமிடமாக இருந்து, அதன் மொட்டைமாடியில்தான் 1796ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். அங்கிருந்து உயர் நீதிமன்ற வளாகத்துத் தூணுக்கு, பிறகு நீதிமன்றக் கோபுரத்துக்கு, 1977ல் மெரினாவுக்கு என்று விளக்கு நான்கு வீடு மாறியிருக்கிறது. உள்ளே கார்ன்வாலிஸ் சிலை. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பையன்களைப் பிணையாக ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். 1792ஐ நான் ஒற்றை வரியில் நடத்திவிட்டுப் போவேன். அந்தச் சின்னப் பையன்களின் உயரத்தைப் பார்த்ததும், வகுப்புக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அழைத்துவந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. 1947 ஆகஸ்ட் 15ல் இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி மேலே இருக்கிறது. பட்டுக் கொடி, நிறம் மங்கியிருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் பத்து நிமிடம் நின்றோம்.

படி இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு முட்டி வலி. "சரி டீச்சர், பாடம் நடத்து" என்றாள்.

நடத்தினேன். 1639 ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி கொள்முதலுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பிரான்சிஸ் டே கடற்கரையெல்லாம் தேடி அலைந்து, வந்தவாசியில் இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் இந்த மணல் துண்டுக்குப் பட்டயம் வாங்கினான். நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் நம் பூந்தமல்லியில் இருந்தார், பேச்சுவார்த்தைக்குக் கூட நின்றவர். அவர்களுடைய அப்பா பேர் சென்னப்ப நாயக்கர். அந்தப் பேரில்தான் சென்னப்பட்டணம்.

அக்கா செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "வெள்ளைக்காரன்கூட நேர்ல வந்து கேட்டுத்தானேடி வாங்கினான்."

எனக்குக் காது சுட்டது. ஆறு வருடமாக நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் ஏராளம். நான்தானே அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன், உனக்கு அங்கே இல்லாததா, அஞ்சு சென்ட் சில்லறை மனைக்கா இந்தப் பிடிவாதம். ஒன்றுமே வாயில் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு அந்த இடத்துல பங்கு வேணும்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா?"

"இல்லக்கா."

"கவரைப் பிரிச்சேன். 'இந்தச் சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை'ன்னு இருந்துச்சு. கூட ஒரு துண்டுச் சீட்டு, 'எப்படி இருக்கே'ன்னு உன் கையெழுத்துல இருந்திருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன்."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்குச் சுத்தமாக இல்லை. "வெயில் ஏறுதுக்கா, போலாம்" என்றேன். எழுந்திருக்கும்போது அவள் செருப்பை எடுத்து நான் போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பாரிமுனை. தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பேர் இன்னும் பஸ் நடத்துநர் வாயில் இருக்கிறது. 1788ல் வந்தவர். உயர் நீதிமன்றச் சுவரோரம் எம்டன் குண்டு போட்ட கல்வெட்டைக் காட்டினேன், 1914 செப்டம்பர் 22. "அப்பா நம்மள 'சரியான எம்டன்'னு திட்டுவாரே, அதா?" அதேதான். ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பேர் வைத்துவிட்டார்கள், நம் காதுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அங்கே 1772ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம், நடுவில் மரங்களோடு முற்றம், வெளியே அவ்வளவு ஹாரன் சத்தம் இருந்தும் உள்ளே குருவிச் சத்தம். ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையே 1794ல் சென்னையில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அங்கே இருக்கிறது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, தன் பாஷையில் பத்திரிகை போட்டிருக்கிறாரே என்று அக்கா அந்தக் கல்லறைப் பக்கம் ரொம்ப நேரம் நின்றாள். டொரண்டோவில் அவள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

மண்ணடிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் சாப்பாடு. அக்கா ரசம் இரண்டு தடவை வாங்கினாள். கப்பலின் ஐந்து நாள் பஃபேயில் அவள் இப்படிச் சாப்பிடவில்லை.

அப்பா வேலை பார்த்த கட்டடத்தைத் தேடினோம். முதல் கடற்கரைச் சாலையில், இப்போதைய ராஜாஜி சாலையில், ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கட்டடம் இருந்த இடம் இதுதான் என்று அக்கா ஒன்றைக் காட்டினாள், நான் வேறொன்றைக் காட்டினேன். இரண்டிலுமே அப்பா இல்லை. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், புளியும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கனடாக்காரிக்கு வயிறு தாங்குமா என்று பயந்தேன். தாங்கியது.

பீச்சிலிருந்து தாம்பரம் ரயில். 1931ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பாதை. அப்பா பல்லாவரத்திலிருந்து இந்தப் பாதையில் எத்தனை வருடம் போய்வந்தார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தோம். கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று அக்கா ஸ்டேஷன்களை வாய்ப்பாடு மாதிரி சொன்னாள். மீனம்பாக்கம், பல்லாவரம் என்று முடித்தாள். நடுவில் திரிசூலம் இருக்கிறது என்றேன். "எங்க காலத்துல கிடையாது" என்று அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

கிண்டி தாண்டியதும் சொன்னாள். "பேப்பரைப் புதுசா எழுதி வாங்கு. அங்க இந்தியத் தூதரக ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போடலாமாம், விசாரிச்சுட்டேன். ஆனா கூரியர்ல அனுப்பாத. நீயே எடுத்துட்டு வா."

"நானா? கனடாவுக்கா?"

"பாஸ்போர்ட்தான் இப்போ எடுத்துட்டியே. நான் எத்தனை தடவை வந்தேன். நீ ஒரு தடவை வந்து என் வீட்டுல உட்கார்ந்து காபி குடி. பேனா நான் தர்றேன்."

பல்லாவரத்தில் இறங்கி, பம்மல், அனகாபுத்தூர் வழியாக ஆட்டோவில் வீடு வந்தோம். வாசலில் இறங்கியவள் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தாள். என் மகன் எண்கணிதம் பார்த்து வைத்த ஏதோ ஒரு பேர். "நாயக்கர் பசங்க ஊருக்கே அப்பா பேரை வெச்சானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடை பார்த்தாள். இரண்டு கிலோ அதிகம். ஊறுகாயை எடுக்க மாட்டேன் என்றாள், சேலையை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கைரேகை கொடுத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. மகன் மாடி வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறான், கொஞ்சம் முகம் தூக்கி வைத்துக்கொண்டுதான். போன வாரம் கிரானைட்டில் பேர் பொறிக்கும் கடைக்குப் போனேன். அப்பா பேருக்குப் பின்னால் 'இல்லம்' வேண்டுமா வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டார். ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அக்காவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.