பொறுத்திருக்கச் சொல்லும் வியாபாரம்

பத்தமடையில் பாய் வாங்க வேண்டும் என்றால் கடையைக் காட்டுவார்கள். பாய் நெய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் தெருவுக்குள் போகச் சொல்வார்கள். திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவியை ஒட்டிய இந்த ஊரில் தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கிடக்கிறது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். நான் பார்க்கப் போனவர், தானும் நெய்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் நெய்வதையும் சேர்த்துக் கைபேசி வழியாகவே விற்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லாத்தா, அதாவது அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தறி தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பருத்திப் பாவு நூல். நெய்து முடித்த பகுதிமேல் பலகை போட்டு ஒருவர் உட்கார்ந்து அச்சை இழுத்து அடிக்க, பக்கத்தில் இன்னொருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோர்த்து நூல்களுக்கு ஊடே விட்டுக்கொண்டிருந்தார். ஒரு குச்சி, ஓர் அடி. மறுபடி ஒரு குச்சி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தும் பாய் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

நெசவு கடைசி வேலைதான். அதற்கு முன்னால் நடப்பது அதிகம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை எடுத்துவிட்டு வெயிலில் காயப்போடுகிறார்கள். காய்ந்ததை ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் வரை ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். பிறகுதான் சாயம். முன்பு சிவப்புக்குச் சப்பங்கி மரக்கட்டை. இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். சாதாரணப் பாய்க்கு 50 கவுண்ட் அளவில் நூல் பாவினால், பட்டுப்பாய் என்கிற மெல்லிய பாய்க்கு 100-ஐத் தாண்டி 140 வரை போகும். நூல் நெருங்க நெருங்கக் கோரையும் மெலிய வேண்டும். அப்படி நெய்த பாய் துணிபோல மடங்கும். 140 கவுண்ட் நெய்யத் தெரிந்த கைகள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன என்று லாத்தா சொன்னார்.

2020-இல் ஊரடங்கு வந்து கண்காட்சிகள் நின்றபோதுதான் அவர் கைபேசியில் விற்கத் தொடங்கினார். மகள் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டாள். முதல் சில மாதம் விசாரிப்புகள்தான் வந்தன. “விலை என்ன?” என்று கேட்டுவிட்டு, சொன்னதும் போய்விடுவார்கள். கடையில் இயந்திரப் பாயும் பிளாஸ்டிக் பாயும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் அப்படித்தான். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். முடிந்த பாயின் படத்தோடு, அது தறியில் கிடக்கும் படத்தையும் கோரை கிழிக்கும் காணொளியையும் போட்டார். கேள்விகள் மாறின. “எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

“ஆர்டர் வராத மாசம் போட்டோ போடாம இருந்துட்டோம்னா, வர வேண்டிய மாசமும் வராது, பாத்துக்கிடுங்க” என்றார்.

அவருக்கு வரும் ஆர்டர்களில் முக்கியமானது கல்யாணப் பாய். மணமகன், மணமகள் பெயர்களைச் சாயக் கோரையால் எழுத்தெழுத்தாக நெய்து கொடுப்பது இந்த ஊரின் பெருமை. இணைய வியாபாரத்தில் இதைவிடக் கடினமான சரக்கு எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வேறு யாருக்கும் விற்க முடியாது. தொடக்கத்தில் ஒரு வீட்டார் பார்சல் வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லி நெய்யச் சொன்னார்கள். பாய் முடிவதற்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது. அந்தப் பாய் இன்னும் லாத்தா வீட்டுப் பரணில் இருக்கிறது. நெய்த இரண்டு பெண்களுக்கும் கூலியை அவர்தான் கொடுத்தார். அன்றிலிருந்து பாதிப் பணம் முன்னால் வந்தால்தான் பாவு பூட்டுகிறார். பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பினால் ஏற்பதில்லை. தாளில் கையால் எழுதிப் படம் அனுப்பச் சொல்கிறார். “ஒரு எழுத்து தப்புனா பாயே போச்சு.”

அடுத்த தொல்லை கூரியர். 3 அடி அகலப் பாயைச் சுருட்டினால் 91 செ.மீ. நீளம், 13 செ.மீ. கனம் வருகிறது. பல கூரியர்கள் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுகின்றன. அந்தக் கணக்கில் இது 3 கிலோ. தராசில் அதில் பாதிகூட வராது. வாங்குகிறவருக்கு இது புரிவதில்லை. அனுப்பும் செலவில் லாபம் பார்க்கிறார் என்று நினைக்கிறார்கள். அதனால் கூரியர் ரசீதையே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். பெரிய விற்பனைத் தளங்களில் சேரலாமே என்று கேட்டேன். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் அந்தத் தளங்களில் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்தது. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். தளம் வழியாகப் பெங்களூருக்கு ஒரு பாய் அனுப்பப் பதிவு, கணக்கு, தாக்கல் என்று போக வேண்டும். அதைவிட, அங்கே சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டும். ஆர்டர் வந்த ஓரிரு நாளில் கிளம்ப வேண்டும். தறியில் இருக்கும் பாயை எப்படி அனுப்புவது?

விடாமுயற்சி என்றால் மனத்தில் இருக்கும் ஒரு குணம் என்றே பலரும் பேசுகிறார்கள். இந்த வீட்டில் அது பணமாகவும் கோரைக் கட்டாகவும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை காயாது, சாயம் பிடித்தாலும் உலராது. நோன்பு மாதத்தில் தறி மெதுவாகத்தான் ஓடும். இந்த மாதங்களில் பெண்களுக்குக் கூலி நின்றால் அவர்கள் பீடி சுற்றப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. ஆகவே கோடையிலேயே காய்ந்த கோரையை வாங்கி அடுக்கிவைக்கிறார்; விற்ற ஒவ்வொரு பாயிலும் ஒரு பங்கை மழைக்கால முன்பணத்துக்கென்று ஒதுக்குகிறார். அந்தப் பங்கில் கைவைக்க மகளுக்குக்கூட அனுமதி இல்லை. விளம்பரத்துக்குச் செலவழித்து இரண்டே வருடத்தில் மூடிவிட்ட கடைகளை அவரும் பார்த்திருக்கிறார். அவர் நிலைத்ததற்குக் காரணம் இந்த ஒதுக்கீடுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி இயந்திரப் பாயை இணையத்தில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

வாங்க நினைக்கிறவர்கள் விலை கேட்பதற்கு முன் எத்தனை கவுண்ட் என்று கேளுங்கள். தறியில் கிடக்கும் படத்தைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு என்றால் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி, பாதிப் பணத்தை அனுப்பிவிடுங்கள். முடிந்தால் மழை மாதத்தில் சொல்லுங்கள். பாய் தை மாதம்தான் வரும். ஆனால் நெய்கிற பெண்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் தேவைப்படுவது அப்போதுதான்.