கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே

ஹேவ்லாக் சதுக்கத்தில் 35 மாடிக்கு நிற்கிறது சிங்கப்பூரின் அரசு நீதிமன்றக் கட்டடம். காலையில் பைச் சோதனை முடிந்து மின்தூக்கிக்குப் போகும் கூட்டத்தில் வழக்கறிஞர்கள், பிணை நிற்க வந்தவர்கள், முகம் வாடிய உறவினர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். மடிக்கணினியோடு விரைகிறவர்கள் செய்தியாளர்கள். அவர்கள் தொழிலைப் பார்ப்பதற்காக நானும் பொதுமக்கள் இருக்கையில் இடம் பிடித்தேன். திறந்த நீதிமன்றம் என்பதால் யாரும் வரலாம். நுழையும்போது நீதிபதியை நோக்கித் தலைவணங்க வேண்டும். படமோ ஒலிப்பதிவோ எடுக்கக்கூடாது.

கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த செய்தியாளர் வேகமாகத் தட்டச்சு செய்கிறார். பக்கத்தில் இருக்கும் மூத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, 'திருடினார்' என்பதை அழித்து, 'திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது' என்று திருத்தச் சொல்கிறார். பெயர், வயது, சட்டப் பிரிவு, தேதி, அடுத்த விசாரணை நாள் எல்லாவற்றையும் குற்றப்பத்திரிகையோடு ஒப்பிட்ட பிறகே செய்தி அலுவலகத்துக்குப் போகிறது.

எந்தக் கட்டத்தில் வழக்கு நிற்கிறது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2024இல் அவர்மீது மொத்தம் 35 குற்றச்சாட்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. செப்டம்பர் 24 அன்று அந்த இரண்டும் குற்றவியல் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு, அதாவது அரசு ஊழியர் மதிப்புள்ள பொருள்களைப் பெற்ற குற்றத்துக்கு, மாற்றப்பட்டன. அவர் ஒப்புக்கொண்டது ஐந்து குற்றச்சாட்டுகளை. மற்ற 30 தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்டன. அரசுத் தரப்பு ஆறு முதல் ஏழு மாதம் கேட்டது. அக்டோபர் 3 அன்று நீதிபதி வின்சென்ட் ஹூங் 12 மாதச் சிறை விதித்தார். 'ஊழல் வழக்கில் 35 குற்றங்களுக்குச் சிறை' என்று ஒருவர் அவசரத்தில் தலைப்புப் போட்டிருந்தால், அந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள் இருந்திருக்கும். அரசுத் தரப்பே கேட்காத அளவுக்குத் தண்டனை ஏன் கூடியது என்பதற்கு விடை தீர்ப்புரையில்தான் இருக்கிறது. 1970 முதல் சிங்கப்பூரில் ஜூரி கிடையாது. நீதிபதி சொல்லும் காரணங்களே தீர்ப்பின் முதுகெலும்பு. அவற்றைக் கடைசிப் பத்திவரை படிக்காமல் எழுதக்கூடாது.

பிற்பகலில் தேக்கா வட்டாரத்துக்கு வந்தேன். ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இந்த இடத்தில்தான் 2013 டிசம்பர் 8 இரவு தமிழகத்துக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்தார், கலவரம் மூண்டது. அதன்பின் மூன்று தனித்தனி நடவடிக்கைகள் நடந்தன. 25 பேர்மீது குற்றவியல் வழக்குகள் தொடரப்பட்டன. மரண விசாரணை, இறப்பு எப்படி நேர்ந்தது என்று மட்டும் பார்த்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு கலவரத்தின் காரணங்களை ஆராய்ந்து பரிந்துரைகள் தந்தது. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியவை. அவற்றைக் குழப்பி எழுதினால், ஊரில் செய்தி பார்க்கும் குடும்பம் தன் பிள்ளையைக் குற்றவாளி என்றே நம்பிவிடும்.

எழுதக்கூடாதவற்றையும் புதியவர் படிக்க வேண்டும். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரை விட்டால் மட்டும் போதாது. குற்றம் சாட்டப்பட்டவர் தந்தை என்றால், அவர் பெயரே பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பாதிக்கும்படி எழுதுவது 2016இல் நிறைவேறிய நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற அவமதிப்பாகலாம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடும்.

மேல்முறையீட்டையும் விடாமல் பின்தொடர வேண்டும். இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானிக்கு 2019இல் திருட்டுக் குற்றத்துக்காக 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. முதல் தீர்ப்போடு நோட்டை மூடிய செய்தியாளருக்கு அவர் என்றும் திருடியாகவே இருந்திருப்பார்.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவரும் ஊர் இது. கூண்டில் நிற்கும் தொழிலாளியைப் பற்றி அவர் மொழியிலேயே படிக்கும் வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஒரு வேண்டுகோள்: கைதுச் செய்தியை எந்தப் பக்கத்தில், எந்த அளவில் போட்டீர்களோ, விடுதலைச் செய்தியையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.