பொடிக்கு முன்னால் சீம்பால்

கார்த்திகை மழையில் ஈன்ற 10 குட்டிகளில் 4 குட்டிகள் பத்து நாளுக்குள் கழிச்சலில் போய்விட்டன. அந்த வெண்பன்றிப் பண்ணைக்காரம்மாவுக்கு முதல் கோபம் பொடி மேல்தான். மஞ்சள், பூண்டு, சீரகம், மிளகு, வேப்பிலை எல்லாம் நிழலில் காயவைத்து அவரே இடித்தது. குட்டிகளுக்கென்று தனித்தட்டில் தவிட்டோடு கலந்து வைத்தார். தட்டு வைத்தபடியே இருந்தது. பத்து நாள் குட்டி பாலைத் தவிர வேறு எதைத் தின்னும்?

பார்க்க வந்த கால்நடை மருத்துவர் பொடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஈனும்போது கூட யாரும்மா இருந்தது?" என்றார். யாரும் இல்லை. மழை, கரண்ட்டும் இல்லை.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு கருவிலேயே தாயிடமிருந்து கொஞ்சம் வந்துவிடும். பன்றிக்குட்டிக்கு வராது; வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குக் கிடைப்பது சீம்பால் ஒன்றுதான். அதிலுள்ள எதிர்ப்புச் சத்தைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள் அளவுக்குத்தான், அதிலும் முதல் சில மணி நேரமே முக்கியம். குளிரில் நடுங்கும் குட்டி காம்பைத் தேடிப் போகாது. இரும்புச்சத்தும் அப்படித்தான்: தினமும் சுமார் 7 மில்லிகிராம் வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராம்.

அடுத்த ஈற்றுக்கு அவர் கொட்டிலிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். 11 குட்டிகள். ஒவ்வொன்றையும் துடைத்து பல்பு வெளிச்சத்தில் விட்டார். வலுத்தவை வயிறு நிறையக் குடித்ததும் அவற்றை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு மூடிவைத்து, சோனிகளை முன்காம்பில் பிடித்து விட்டார். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி. ஒரு குட்டி தாய்க்கு அடியில் நசுங்கிப்போனது, மற்றவை தேறின.

பொடியை அவர் விட்டுவிடவில்லை, இடம்தான் மாற்றினார். மூன்று, நான்கு வாரத்தில் சீம்பால் தந்த எதிர்ப்பு இறங்கிவிடும், குட்டியின் சொந்த எதிர்ப்பு இன்னும் முழுதாக வந்திருக்காது. பால் மறக்கடிப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் வருகிறது. இப்போது கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள்தூள், கொஞ்சம் பூண்டு. கசப்பால் தீனி குறைகிறது என்று வேப்பிலையை எடுத்துவிட்டார். கழிச்சல் குறைந்திருக்கிறது. பொடியாலா, தரையை ஈரமில்லாமல் வைப்பதாலா என்று கேட்டால் சிரிக்கிறார்.

போன மாதம் ஒருவர் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைத் தடுக்கும் மூலிகை என்று பொட்டலம் கொண்டுவந்தார். அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. "நீங்க கொட்டிலுக்குள்ள வராதீங்க தம்பி, அதுவே பெரிய மருந்து" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஓட்டல் மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்கவைக்க அடுப்படிக்குப் போய்விட்டார்.