நிக்காஹ் பேசும்போதே விசாவையும் பேசுங்கள்

எங்கள் மேலப்பாளையத்துக் குடும்பங்களில், துபாயிலேயே வளர்ந்த பெண் பிள்ளைகள் நிறைய. கல்யாணம் ஆகாதவரை மகளுக்குத் தகப்பனார் தன் பொறுப்பில் விசா எடுக்கலாம் என்பது அமீரகச் சட்டம். நிக்காஹ் முடிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பொதுவாக, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினாலும் அந்த விசா செல்லாது.

மாப்பிள்ளை அமெரிக்கா என்றால், குடிமகனா, கிரீன் கார்டுக்காரரா என்று முதலில் கேளுங்கள். குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் மனைவி வரிசையில் காத்திருக்க வேண்டும். அது வருடக்கணக்கில் இழுக்கும்.

என் மாமி மகள் இன்று அந்த வரிசையில்தான் இருக்கிறாள். வளர்ந்த ஊரில் தங்கும் உரிமை போய்விட்டது, வாழப்போகும் ஊரின் உரிமை இன்னும் வரவில்லை. இந்தியக் குடியுரிமை இருப்பதால் நெல்லையில் இருக்கிறாள். ஆனால் அவள் பார்த்த வேலையும் தோழிகளும் துபாயில்தான்.

நகைக்கும் சீருக்கும் நாள்கணக்கில் பேசுகிறோமே, விசாவுக்கும் ஒரு நாள் உட்காருவோம். தன் பெயரில் வேலை விசா வைத்திருக்கும் பெண், காத்திருக்கும் காலத்திலும் தன் காலில் நிற்பாள். மறு விசா கைக்கு வரும்வரை அவளை ராஜினாமா செய்யச் சொல்லாதீர்கள்.