வெள்ளையனைத் தொட்டு எழுப்பாதே

மதுரை,
ஞாயிறு

அன்புத் தங்கை செல்விக்கு,

பாப்பா கையில் உங்கள் நாய் வெள்ளையனின் பல் பட்டதும் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாயே, ரொம்ப நல்ல காரியம். சின்னக் கீறல்தானே என்று மிச்ச வெறிநாய்க்கடி ஊசிகளை விட்டுவிடாதே.

இனி வெள்ளையன். வெறிபிடித்தவன், குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்று ஆளாளுக்குச் சொல்வதாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே ஒன்று கவனித்தாயா? பாய்ந்த ஒவ்வொரு தடவையும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், இல்லையென்றால் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். விழித்திருக்கும்போது பாப்பா வாலைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து போய்விடுகிறான். அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்றுதான் எனக்குப் படுகிறது.

வெள்ளையனைப் போன்ற ராஜபாளையம் நாய்களில் இந்தக் காது கேளாமை உண்டு. அந்தப் பால்வெள்ளைக்கு ஆசைப்பட்டு வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்து வந்திருக்கிறார்கள். தோலுக்கு நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் குட்டி பிறந்த சில வாரத்திலேயே ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். வெளியே மடல் அழகாகத்தான் இருக்கும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதை. எல்லாக் குட்டிக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆன குட்டியை, கூப்பிட்டால் வராத திமிர் என்று அடிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவன் தூங்கும்போது பின்பக்கமாக, தரை அதிராமல் நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார். காது அசைகிறதா? ஒரு காது மட்டும் போயிருந்தால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடுவான். எப்படியிருந்தாலும் கால்நடை டாக்டரிடம் காட்டிவிடு. காதில் சீழ், இடுப்பு வலி இருந்தாலும் தொட்டால் கடிக்கும்.

கேட்கவில்லை என்றால் தொட்டு எழுப்புவதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். தள்ளி நின்று காலால் தரையைத் தட்டு. அதிர்வில் கண் திறந்ததும் வேகவைத்த கோழி ஒரு துண்டு கொடு. தனியாக இன்னொன்றும் பழக்கு: விழித்திருக்கும்போது தோளில் விரல் வை, அடுத்த நொடி கறி கொடு. வரிசை மாறக் கூடாது, தொடுதல் முதலில், கறி பிறகு. தொட்டதும் கறியைத் தேடித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால், பின்பக்கமிருந்து தொட்டுப் பழக்கு. உடம்பு விறைத்தாலோ கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம். முன்பு செய்ததற்கே திரும்பிப் போ. மாதக்கணக்கில் ஆகலாம். பாப்பா இந்தப் பழக்கலில் வேண்டாம், அவள் தவழுகிற இடத்தில் அவன் படுக்கவும் வேண்டாம்.

உறுமினால் மாப்பிள்ளை குச்சி எடுக்கிறார் என்றாய். கெஞ்சிக் கேட்டேன் என்று சொல், வேண்டாம். உறுமல் அவன் தருகிற எச்சரிக்கை. அடித்தால் பயம் அப்படியே இருக்கும், உறுமுவதைத்தான் விடுவான். அப்புறம் சத்தமே இல்லாமல் கடிப்பான். நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டுமாம்! அது கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்த பேச்சு. 1970இல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் அவரே திருத்தி எழுதினார்.

ஒன்று மறக்காதே: வண்டிச் சத்தம் கேட்காதவனைக் கேட்டுக்கு வெளியே அவிழ்த்துவிடக் கூடாது. தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு. அதுவரை யாரிடமும் அவனைக் கொடுக்கச் சம்மதிக்காதே.

அன்புடன்,
அக்கா